300 எக்ஸ்ரேயா, 10 எக்ஸ்ரேயா?

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலையில் லேசான காய்ச்சல் கண்டவர்கள்கூட ஸ்கேன் சென்டர் வாசலில் காத்துக் கிடந்தார்கள். சி.டி.யில் தெரியும் நுரையீரல் பாதிப்புக்கு "25-க்கு ஸ்கோர் எவ்வளவு?" என்பதுதான் அன்று வீடுகளில் புழங்கிய கேள்வி. அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா, ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம், தேவையின்றி எடுத்தால் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும் என்று எச்சரித்தார். கதிரியல் மருத்துவர்களின் இந்தியச் சங்கம் உடனே மறுத்தது. நவீனக் கருவிகளில் அது 5 முதல் 10 எக்ஸ்ரே அளவுதான் என்றது. அலை ஓய்ந்ததும் விவாதமும் ஓய்ந்தது. யார் சொன்னது சரி என்று யாரும் தீர்த்துவைக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடல் ஏற்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கிறார்கள். நேராக நிறுத்தி எடுக்கும் ஒரு மார்பு எக்ஸ்ரேக்கு ஏறத்தாழ 0.02. வழக்கமான மார்பு சி.டி.க்கு ஏறத்தாழ 7. வகுத்தால் 350 வருகிறது. இது குலேரியாவின் எண். குறைந்த கதிர் அளவில் எடுக்கும் சி.டி.க்கு 1 முதல் 1.5 வரை, அதைவிடக் குறைத்தும் எடுக்கலாம். நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கும் இரண்டு எக்ஸ்ரேக்களைச் சேர்த்து 0.1 என்று வைத்து வகுத்தால் 10, 15 என்று இறங்கிவிடும். இது சங்கத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தார், மற்றவர் சிறியதைப் பெரியதால் வகுத்தார்.

ஆனாலும் இரு தரப்பையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. குலேரியா எடுத்துக்கொண்ட ஒப்பீடு பீதியைக் கிளப்புவது. மண், காற்று, உணவு, விண்வெளி வழியாக இயற்கையாகவே மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் சேர்கிறது. ஒரு சி.டி. ஏறத்தாழ மூன்று ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சு என்று சொல்லியிருந்தால் அளவும் புரிந்திருக்கும், பயமும் அடங்கியிருக்கும். ஆனால் லேசான தொற்றுக்கு சி.டி. வேண்டாம் என்ற அவருடைய அறிவுரை முழுக்கச் சரி. சங்கத்தின் பிழை அவருடைய பிழையைவிடப் பெரியது. நல்ல கருவியை நன்றாக இயக்கினால் கிடைக்கும் அளவை, எங்கும் எப்போதும் கிடைக்கும் அளவுபோல அது சொன்னது. கருவிக்குத் திறன் இருப்பது வேறு, கூட்டம் நெருக்கும் ஒரு சென்டரில் டெக்னீஷியன் நோயாளியின் வயதும் எடையும் பார்த்து அமைப்பை மாற்றுவது வேறு.

சரி, 7 மில்லிசீவர்ட் புற்றுநோய் தருமா? ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்ததில், 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் ஆபத்து கூடுவது தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழேதான் வழக்கு. 2012-இல் பிரிட்டனில் சி.டி. எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 1,78,000 குழந்தைகள், இளைஞர்கள் பற்றிய ஆய்வு சி.டி.க்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னபோது ஓர் எதிர்வாதம் எழுந்தது: வெளித்தெரியாத புற்றுநோயின் அறிகுறிக்காகவே ஸ்கேன் எடுத்திருக்கலாம், பழி ஸ்கேன் மீது விழுகிறது. நியாயமான வாதம்தான். ஆனால் 2023-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரை, இந்தச் சந்தேகத்தையும் கணக்கில் கொண்டு ஆராய்ந்தபோதும் தொடர்பு மறையவில்லை. இன்று 10,000 குழந்தைகளுக்கு ஒரு சி.டி. எடுத்தால், அதன் காரணமாக அடுத்த 12 ஆண்டுகளில் ஒருவருக்கோ இருவருக்கோ இரத்தப் புற்றுநோய் வரலாம் என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு.

இந்த எண்ணைப் பெற்றோர் இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். மாடிப்படியில் உருண்டு விழுந்து நினைவு தப்பிய குழந்தைக்கு மருத்துவர் தலை சி.டி. எழுதினால், ஒரு நிமிடம்கூடத் தயங்கக் கூடாது. மூளையில் இரத்தக்கசிவு சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். ஆனால் "எதற்கும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்று எடுப்பதற்கு அந்த ஒருவர், இருவர் மிகப் பெரிய விலை.

இடையில் ஒரு சொல். நம் பேச்சில் எல்லாமே 'ஸ்கேன்'தான். கர்ப்பிணிக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஒலி அலை, எம்.ஆர்.ஐ. காந்தப்புலம். இரண்டிலும் இந்தக் கதிர்வீச்சு இல்லை. அவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருவது ஈயக் கவசம். ஊழியருக்கும், குழந்தையைப் பிடித்துக்கொள்பவருக்கும் அது அவசியம். படம் எடுக்கப்படுபவருக்கு வழக்கமாக அதைப் போர்த்துவதை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் சொல்லிவிட்டது. உடலுக்குள்ளேயே சிதறும் கதிரைக் கவசம் தடுக்காது. கவசம் குறுக்கே வந்தால் தானியங்கிக் கருவி கதிரைக் கூட்டிவிடவும் கூடும்.

கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புதான் பெரிது. எக்ஸ்ரே அறை ஊழியர், தன்மீது படும் கதிரைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜை மார்பில் அணிகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அளக்கிறார்கள். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் அவருக்கு வரம்பு. நோயாளிக்கு வரம்பு கிடையாது. அது சரியே, வரம்பு வைத்தால் உயிர் காக்கும் ஸ்கேனும் தடைபடும். ஆனால் வரம்பில்லாத இடத்தில் கணக்காவது இருக்க வேண்டாமா? 2009-இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை ஒன்றில் 206 பேருக்கு மூளை சி.டி.யில் எட்டு மடங்கு கதிர் பாய்ந்தது. பதினெட்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நோயாளிக்கு முடி கொட்டிய பிறகே குட்டு வெளிப்பட்டது. அதன்பின் கலிஃபோர்னியா, சி.டி. கதிர் அளவைப் பதிவு செய்வதைச் சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2013 நெறிமுறையில் அதை அறிக்கையின் பகுதியாக்கியது.

இதற்காகப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சி.டி. ஸ்கேனின்போதும் கருவியே கதிர் அளவைக் காட்டும் டி.எல்.பி. என்ற எண்ணைக் கணக்கிட்டு ஒரு தனிப் பக்கமாகச் சேமிக்கிறது. பெரியவர்களின் மார்பு ஸ்கேன் என்றால் அதை 0.014-ஆல் பெருக்கினால் மில்லிசீவர்ட் கிடைக்கும். டி.எல்.பி. 500 என்றால் 7, 100 என்றால் 1.4. குலேரியா சொன்னதா, சங்கம் சொன்னதா என்ற வழக்கு உங்கள் ஸ்கேனைப் பொறுத்தவரை அங்கேயே தீர்ந்துவிடும். கைக்கு வரும் ரிப்போர்ட்டில்தான் பெரும்பாலும் அது இருப்பதில்லை. அதை அச்சிடுவதை இங்கேயும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, அடுத்த முறை ரிப்போர்ட்டை வாங்கும்போது டி.எல்.பி. எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய ஸ்கேன்களைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.