எழுபது மீட்டர் ஒயரும் ஒரு சாட்டிலைட் மீட்டரும்

விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலையை விட்டுத் திருவக்கரை பக்கமாக வயல்வெளிக்குள் போனால், வீடு ஓரிடம் டிஷ் ஓரிடம் என்று இருப்பதைப் பார்க்கலாம். வீட்டை ஒட்டித் தென்னையும் வேம்பும் நிற்கும். மரம் மறைக்கிறது என்று மோட்டார் கொட்டகை மேல் டிஷ்ஷை மாட்டி, அங்கிருந்து வீடு வரைக்கும் ஒயர் இழுத்திருப்பார்கள். மாமா வீட்டில் அப்படி எழுபது மீட்டர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதிலிருந்தே படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சில சேனல்கள் வருவதே இல்லை என்றார்கள். “பாக்ஸையே மாத்திடலாமாப்பா?” என்று மாமா கேட்டார். மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்துவிடலாம் என்று டிஜிட்டல் சாட்டிலைட் மீட்டரை எடுத்துப் போனேன்.

டிஷ் மாட்டுகிறவர்களிடம் பெரும்பாலும் இருப்பது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் முள் மீட்டர். டிஷ்ஷை அசைக்க அசைக்கக் கீச்சென்று கத்தும். அதற்குத் தெரிந்ததெல்லாம் மொத்த சக்தி எவ்வளவு என்பதுதான். வருவது எந்தச் செயற்கைக்கோளின் சிக்னல், அதில் இரைச்சல் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டிஜிட்டல் மீட்டர் சில ஆயிரம் ரூபாய் விலையில் வருகிறது. உள்ளே பேட்டரி உண்டு, டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்கு வேண்டிய 13, 18 வோல்ட்டைத் தானே கொடுக்கும். அலைவரிசையைக் கொடுத்தால் லாக் ஆகி, சிக்னல் அளவை டிபிஎம் கணக்கிலும், சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை டெசிபலிலும் காட்டும். இந்த இரண்டாவது எண்ணுக்காகவே இதை வாங்கலாம்.

முதலில் டிஷ் பக்கம். எல்.என்.பி.யிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு மீட்டர் நீளத் துண்டு ஒயரால் மீட்டரை இணைத்தேன். அளவு மைனஸ் 36, இரைச்சலுக்கு மேலே 14 டெசிபல். டிஷ்ஷும் எல்.என்.பி.யும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஒயரைத் திரும்ப எல்.என்.பி.யில் மாட்டிவிட்டு, வீட்டுக்குள் பாக்ஸில் செருகியிருந்த முனையைக் கழற்றி அதே அலைவரிசையைப் பார்த்தால் மைனஸ் 64. லாக் விழுவதும் விடுவதுமாக இருந்தது.

வித்தியாசம் 28 டெசிபல். இதில் ஒயர் நியாயமாகத் தின்பது எவ்வளவு? வானத்திலிருந்து 11,090 மெகாஹெர்ட்ஸில் வருவதை எல்.என்.பி. 9,750 கழித்து 1,340 ஆக இறக்கித்தான் ஒயரில் அனுப்புகிறது. அந்த அலைவரிசையில் ஆர்.ஜி.6 ஒயர் நூறு மீட்டருக்குச் சுமார் 24 டெசிபல் இழக்கும். எழுபது மீட்டருக்குப் பதினேழு. மீதிப் பதினொன்று வழியில் எங்கோ போகிறது. ஒயரைக் கையால் தடவிக்கொண்டே வரப்போடு நடந்தபோது, பாதி வழியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. பிரித்தால், உள்கம்பிகளை முறுக்கி, மேல்வலையையும் முறுக்கி, இன்சுலேஷன் டேப்பால் சுற்றியிருந்தார்கள். கம்பியில் பச்சைக் களிம்பு. வலை கறுத்து, தொட்டதும் உதிர்ந்தது. ஈரம் ஏறிய இரண்டு பக்கமும் அரை முழம் வெட்டி எறிந்துவிட்டு, எஃப் கனெக்டர் போட்டு ஜாயின்டரால் இணைத்தேன். வித்தியாசம் 18 ஆனது. படம் உடைவது நின்றது.

வராத சேனல்கள் மட்டும் இன்னும் வரவில்லை. இந்த இடத்தில்தான் பல வீடுகளில் பாக்ஸ் மேல் பழி விழுகிறது. எல்.என்.பி.க்கு 13 வோல்ட் போனால் செங்குத்து அலைகளை எடுக்கும். 18 போனால் கிடை அலைகளை எடுக்கும். 16 முதல் 19 வரை வந்து சேர்ந்தால் கிடை உறுதி, 14க்குக் கீழே செங்குத்து உறுதி. இடையில் மாட்டிக்கொண்டால் எதற்கும் உத்தரவாதம் இல்லை. டிஷ் பக்கத்தில் மீட்டர் இதைச் சொல்லாது. தன் பேட்டரியிலிருந்து முழு 18ஐத் துண்டு ஒயர் வழியாகவே கொடுத்துவிடுவதால் அங்கே இரண்டும் லாக் ஆகும். வீட்டு முனையில் வைத்துப் பார்த்தபோது செங்குத்து லாக் ஆனது, கிடை ஆகவில்லை. குறை ஒயரில் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மல்டிமீட்டர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்.என்.பி.யைக் கழற்றிவிட்டு ஒயர் முனையில் அளந்தால் 18 கிட்ட அழகாகக் காட்டும். கரண்ட் ஓடாத ஒயரில் வோல்ட் இறங்காது. எல்.என்.பி. ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். எல்லா வாயிலும் கரண்ட் போகும் வகை ஸ்பிளிட்டர் ஒன்றை டிஷ் பக்கம் இடையில் போட்டு, காலி வாயில் அளந்தேன்: 15.2.

காரணம் ஒயரின் உள்கம்பி. வெட்டிய முனையில் காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. உயர் அலைவரிசைச் சிக்னல் கம்பியின் மேல்தோலிலேயே ஓடுவதால் அதற்குச் செம்புப் பூச்சு போதும், டி.சி. கரண்டுக்கு முழுக் கம்பியும் வேண்டும், இரும்பில் அதற்குத் தடை பல மடங்கு. பத்து இருபது மீட்டரில் இது தெரியவே தெரியாது. எழுபது மீட்டரில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடுகிறது. கடையில் ஒயர் வாங்கும்போது ஒரு சிறு காந்தம் கையில் இருக்கட்டும்.

இந்த நிலைமையில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் லைன் ஆம்ப்ளிஃபையர். வீட்டுக்குள் டி.வி. பக்கத்தில் அதைப் போடுவது வீண். கலங்கிய கிணற்றை எவ்வளவு பெரிய மோட்டார் வைத்து இறைத்தாலும் கலங்கல்தான் மேலே வரும். சிக்னல் சுத்தமாக இருக்கும் டிஷ் பக்கத்தில்தான் அது இருக்க வேண்டும். ஆனால் அதுவும் இதே ஒயரிலிருந்து கரண்ட் எடுக்கும். ஏற்கெனவே வோல்ட் பற்றாத ஒயரில் கிடை சேனல்களின் நிலைமை இன்னும் மோசமாகும்.

செம்புக் கம்பி ஒயர் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு வானத்தைக் கணக்குப் போட்டேன். டி.டி. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 நிற்கும் 93.5 டிகிரி இடத்துக்குத்தான் மாமா வீட்டு டிஷ்ஷும் திரும்பியிருக்கிறது. விக்கிரவாண்டியிலிருந்து அது திசைகாட்டியில் 130 டிகிரி, அதாவது தென்கிழக்கில், தரையிலிருந்து 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேல். டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த மரமாக இருந்தாலும், அதன் கிளை விளிம்பிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளினால் மறைப்பு விலகிவிடும். வேறு சில வீட்டு டிஷ்கள் பார்க்கும் 83 டிகிரிக் கோளுக்கு உயரம் இன்னும் அதிகம், 75 டிகிரி. 108.2 டிகிரிக் கோளுக்கு மட்டும் 54தான். அதற்கு ஏழெட்டு மீட்டர் தள்ள வேண்டும். வேம்புக்காகக் கொட்டகை வரை ஓடியிருக்கத் தேவையே இல்லை. மொட்டை மாடியின் வடமேற்கு மூலைக்கு டிஷ்ஷைக் கொண்டுவந்தோம். பதினைந்து மீட்டர் ஒயர். இரண்டு வகைச் சேனலும் வந்துவிட்டன. திசையைத் திருப்புவதில் மீட்டர் மறுபடி கைகொடுத்தது. மாடியிலிருந்து கீழே டி.வி. பார்ப்பவரிடம் கத்திக் கத்திக் கேட்கும் வேலை இல்லை.

மீட்டரில் குறை இல்லாமல் இல்லை. வெயிலில் திரையைப் படிக்க நிழல் தேட வேண்டியிருக்கிறது. உள்ளே ஏற்றி வரும் அலைவரிசைப் பட்டியல் பழையது, நாமே திருத்திக்கொள்ள வேண்டும். சதவீதம் மட்டும் காட்டும் மலிவு மாடலை வாங்க வேண்டாம். இரு முனைகளையும் ஒப்பிட டெசிபல் எண் வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் இந்தச் செலவு தேவையில்லை, வைத்திருப்பவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஊரில் டிஷ் வேலை செய்யும் தம்பிகளுக்கு இது கட்டாயம் வேண்டும் என்பேன்.

வடகிழக்குப் பருவமழையில் இன்னொன்றைக் கவனியுங்கள். கனமழை கொட்டும்போது படம் போய், விட்டதும் திரும்பினால் அது மழை செய்வது. ஒயரைத் தொட வேண்டாம். மழை விட்டு வெயில் வந்த பிறகும் படம் திரும்பவில்லை என்றால், எல்.என்.பி. பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி உள்ளே நீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.