பசியின் நினைவும் நட்சத்திரப் பிம்பமும்: ஆட்ரி ஹெப்பர்னின் திரைவாழ்வும் மனிதநேயப் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

ஆட்ரி ஹெப்பர்னின் (1929–1993) வாழ்வைத் திரைநட்சத்திரமாக விளங்கிய காலம், தொண்டாற்றிய காலம் என இரு கூறாகப் பிரித்துக் காண்பது பொதுவழக்காக உள்ளது. இளமையில் பசித்தவர் முதுமையில் பசித்தோருக்கு உதவினார் என்னும் எளிய விளக்கமே அவ்விரு கூறுகளையும் இணைக்கப் பெரிதும் பயன்படுகிறது. அவ்விளக்கம் போதுமானதன்று என்பதையும், பசியின் நினைவுக்கும் திரைப்பிம்பத்துக்கும் இடையிலான முரணே அவர் வாழ்வின் மையம் என்பதையும் இக்கட்டுரை அவருடைய படங்கள், மறுத்த பாத்திரம், தூதுப் பயணங்கள் ஆகியவற்றின் வழி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆட்ரி ஹெப்பர்ன், நட்சத்திரப் பிம்பம், பசி, யுனிசெஃப், சாட்சியம்

முன்னுரை

திரைநட்சத்திரங்கள் பொதுப்பணியில் ஈடுபடுவது இன்று இயல்பான நிகழ்வாகிவிட்டது. அப்பணியை மதிப்பிடுவோர் அதனைத் தூய ஈகையெனப் போற்றுகின்றனர். அல்லது புகழை நிலைநிறுத்தும் உத்தியென ஒதுக்குகின்றனர். இவ்விரு நிலைகளும் நட்சத்திரத்தின் கலைவாழ்வைக் கணக்கில் கொள்வதில்லை. ஒரு நடிகை திரையில் எதனை வெளிப்படுத்தினார், எதனை மறைத்தார், எதனை நடிக்க மறுத்தார் என்பன அவருடைய பொதுப்பணியின் இயல்பை விளக்கவல்லவை. இவ்வகையில் ஹெப்பர்னின் வாழ்வு தனித்து ஆராயத்தக்கது.

பசியும் உடலும்

1929 மே 4ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய இக்செல் பகுதியில் ஹெப்பர்ன் பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்தபின், இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் தாய் அவரை நெதர்லாந்தின் ஆர்னெம் நகருக்கு அழைத்துச் சென்றார். அந்நாடு நடுநிலை காக்கும் என்ற நம்பிக்கை 1940 மே மாதத்தில் பொய்த்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1942இல், அவருடைய பெரியம்மாவின் கணவர் பிணையாளாகப் பிடிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1944 செப்டம்பரில் நேசநாடுகளின் படையெடுப்புக்குத் துணையாக நெதர்லாந்தின் இரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர்னெமில் அப்படையெடுப்பு தோல்வியுற்றது. பதிலடியாக ஜெர்மானியர் மேற்கு மாகாணங்களுக்கான உணவுப் போக்குவரத்தைத் தடைசெய்தனர். கடுங்குளிரும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தனர். ஆர்னெமை அடுத்த வெல்ப் ஊரில் தங்கியிருந்த ஹெப்பர்னின் குடும்பமும் உணவின்றி வாடியது. போர் முடிந்தபோது பதினாறு வயதை எட்டிய அவர் இரத்தசோகைக்கும் உடல்வீக்கத்துக்கும் ஆளாகியிருந்தார்.

இப்பசி அவருடைய கலைவாழ்வின் திசையையே மாற்றியது. இலண்டனில் மேரி ராம்பெர்ட்டிடம் பாலே பயின்றபோது, உயரமும் போர்க்காலத்தில் நலிவுற்ற உடலும் தலைமை நடனமணி ஆவதற்குத் தடையாகும் என அவருக்கு உணர்த்தப்பட்டது. அவர் நாடகத்துக்கும் திரைக்கும் வந்தார். 'சப்ரினா' (1954), 'ஃபன்னி ஃபேஸ்' (1957) ஆகிய படங்களில் வடிவமைப்பாளர் ஜிவான்ஷியின் உடைகள் அம்மெலிந்த உடலை நாகரிக அழகின் இலக்கணமாக்கின. நடனத்துக்குக் குறையெனக் கருதப்பட்ட உடல் திரையில் பெண்கள் பின்பற்ற விரும்பும் அழகாயிற்று. பசியின் சுவடு அப்பிம்பத்துள் கண்ணுக்குப் புலப்படாமல் ஒளிந்தது. அவரைப் பற்றிய புகழுரைகள் பலவும் இம்முரணைக் கடந்து சென்றுவிடுகின்றன.

திரையில் கடமையும் மனச்சான்றும்

சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றுத்தந்த 'ரோமன் ஹாலிடே' (1953) படத்தின் இறுதிக்காட்சி இங்கு நோக்கத்தக்கது. இளவரசி செய்தியாளரைச் சந்திக்கிறாள். எழுதித்தரப்பட்ட அரசமுறை விடையைச் சொல்லத் தொடங்கி, இடையில் அதனைக் கைவிட்டுத் தன் மனம் நாடிய நகரின் பெயரைச் சொல்கிறாள். உண்மையின் பெரும்பகுதியை முகத்தில் அடக்கிக்கொண்டு, ஒரு சிறுபகுதியை மட்டும் பொதுவெளியில் வெளிப்படுத்தும் நடிப்பு அது. பதவியின் மொழிக்கும் மனத்தின் மொழிக்கும் இடைப்பட்ட இவ்விழுவிசை ஹெப்பர்னின் நடிப்புக்கே உரியது.

பிரெட் சின்னெமனின் 'த நன்ஸ் ஸ்டோரி' (1959) இவ்விழுவிசையை ஆழப்படுத்துகிறது. பெல்ஜியக் காங்கோவில் செவிலியாகப் பணிபுரியும் துறவியான சகோதரி லூக், போரின்போது தந்தையைக் கொன்றவர்களை மன்னிக்க இயலாமல் மடத்தை விட்டு வெளியேறுகிறாள். கீழ்ப்படிதலா, மனச்சான்றா என்பதே அவள்முன் உள்ள வினா. இறுதியில் துறவாடையைக் களைந்து அவள் தெருவில் நடந்து மறையும் காட்சிக்கு இசை இல்லை. எனினும் இப்படத்தின் ஆப்பிரிக்க மக்கள் பெரும்பாலும் பின்புலமாகவே நிற்கின்றனர். ஐரோப்பியப் பெண்ணின் அகப்போராட்டமே கதையாகிறது. இக்குறை பின்னாளைய தூதுப் பயணங்களை மதிப்பிடுவதற்கும் துணைபுரியும்.

மறுத்த பாத்திரம்

ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய 'ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு' (1959) படத்தில் ஆனாக நடிக்குமாறு ஹெப்பர்ன் கேட்டுக்கொள்ளப்பட்டார். ஆனின் தந்தை ஓட்டோ ஃபிராங்கே அவரைச் சந்தித்துப் பேசினார். ஹெப்பர்ன் இணங்கவில்லை. ஆனும் அவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஒரே ஆக்கிரமிப்பின்கீழ் ஒரே நாட்டில் வாழ்ந்தவர்கள். ஒருவர் பிழைத்தார், மற்றவர் பிழைக்கவில்லை. அப்பாத்திரத்துக்குரிய வயதை அவர் கடந்திருந்ததும் ஒரு காரணமே. எனினும் நெருங்கி அறிந்த துயரை நடிப்புப் பொருளாக்குவதில் அவருக்கிருந்த தயக்கமே முதன்மையானது.

1990இல் அவர் அந்நாட்குறிப்பிடம் திரும்பினார். யுனிசெஃப் நிறுவனத்துக்காக மைக்கேல் டில்சன் தாமஸ் அமைத்த இசைக்கோவையில், இசைக்குழுவுடன் நின்று நாட்குறிப்பின் பகுதிகளை வாசித்தார். இங்கு ஆனாக உருமாறும் தேவை அவருக்கு எழவில்லை. வாசிப்பவருக்கும் எழுதியவருக்கும் இடையிலான தொலைவு காக்கப்பட்டது. நடித்துக் காட்டுவதற்கும் சாட்சி சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அவருடைய மறுப்பும் இவ்வாசிப்பும் சேர்ந்து உணர்த்துகின்றன.

தூதுப் பயணங்கள்

1988 மார்ச்சில் எத்தியோப்பியாவுக்கு மேற்கொண்ட பயணம் யுனிசெஃப்புக்கான அவரது களப்பணியின் தொடக்கம். துருக்கி, மத்திய அமெரிக்கா, சூடான், வங்காளதேசம், வியட்நாம் எனத் தொடர்ந்த பயணங்கள் 1992 செப்டம்பரில் சோமாலியாவில் முடிந்தன. போருக்குப்பின் தமக்குக் கிடைத்த உதவியை இந்நிறுவனத்தோடு இணைத்தே அவர் பேசிவந்தார். யுனிசெஃப் தோன்றியது 1946 டிசம்பரில். 1945இல் நெதர்லாந்தில் நிவாரணம் வழங்கியது அதற்கு முன்னோடியான ஐக்கிய நாடுகள் நிவாரண, மறுவாழ்வு நிருவாகம். இரண்டையும் ஒன்றாக்கிய நினைவு வரலாற்றளவில் துல்லியமற்றது; ஆயினும் உதவி பெற்றவர் என்னும் நிலையிலிருந்து பேசும் உரிமையை அது அவருக்கு அளித்தது.

இப்பயணங்களின் நிழற்படங்களில் ஒரு சிக்கல் உண்டு. பார்வையாளர் முதலில் அடையாளம் காண்பது நட்சத்திரத்தின் முகத்தை. அவர் ஏந்தியிருக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. 'த நன்ஸ் ஸ்டோரி' படத்தின் குறை இங்கும் தொடர்கிறது. ஒருகாலத்தில் பசியால் மெலிந்து, பின்னர் அழகெனப் போற்றப்பட்ட உடல், பசியால் மெலியும் உடல்களின் அருகே நிற்பது இம்முரணை மேலும் கூர்மையாக்குகிறது.

ஹெப்பர்ன் இச்சிக்கலை நீக்கிவிடவில்லை. ஆனால் அதன் வலுவைக் குறைத்தார். களத்தில் எளிய உடையே அணிந்தார். செய்தியாளர் கூட்டங்களிலும் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன்னும் தம் உணர்ச்சிகளோடு நில்லாமல் தடுப்பூசி, வாய்வழி நீரேற்றக் கரைசல், தூய குடிநீர் போன்ற செலவு குறைந்த வழிகளை எடுத்துரைத்தார். 1989இல் அவர் சென்ற சூடானில், அரசும் கிளர்ச்சியாளரும் இசைந்த ஏற்பாட்டின்படி இருதரப்புப் பகுதிகளுக்கும் நிவாரணம் சென்றது. அங்கு நடுநிலை உயிர்காக்கும் கருவியாக விளங்கியது. சோமாலியாவிலிருந்து திரும்பியபோதோ, பஞ்சத்தை இயற்கையின் செயலெனக் கூறி நிறுத்தாமல் அரசியலின் தோல்வியையும் சுட்டினார். இளவரசி கைவிட்ட அரசமுறை விடையைத் தூதரும் கைவிட்டார். இளவரசி தன் உண்மையைக் குறிப்பால் மட்டுமே உணர்த்தினாள்; தூதர் தாம் கண்டதை வெளிப்படையாகக் கூறினார்.

முடிவுரை

சோமாலியாவிலிருந்து திரும்பிய சில வாரங்களில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, 1993 ஜனவரி 20ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் ஹெப்பர்ன் மறைந்தார். ஜீன் ஹெர்ஷோல்ட் மனிதநேய விருது அவ்வாண்டு மறைவுக்குப்பின் அவருக்கு வழங்கப்பட்டது. இதனால் அவர் வாழ்வைத் துறவியின் வரலாறாக வாசிக்கும் போக்கு வலுப்பெற்றது. அவ்வாசிப்பு அவருடைய நடிப்பையும் தயக்கத்தையும் மறைத்துவிடுகிறது. பசியைத் திரையில் நடித்துக்காட்டத் தயங்கியவர், அதே திரை தந்த முகத்தைப் பசித்தோருக்காகப் பயன்படுத்த இசைந்தார். அம்முகம் பிறர் துயரை மறைத்துவிடும் என்னும் இடர் இறுதிவரை நீங்கவில்லை. அவ்விடருக்குள் நின்றே பார்வையாளரின் கவனத்தைத் தம்மிடமிருந்து செயல்வழிகளை நோக்கித் திருப்ப முயன்றதே அவர் பணியின் தனித்தன்மை. நட்சத்திரங்களின் பொதுப்பணியை மதிப்பிடுவோர் அவர்தம் நல்லெண்ணத்தை அளப்பதோடு நில்லாமல், பார்வையாளரின் கவனம் இறுதியில் எங்குச் சென்று சேர்கிறது என்பதையும் அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.