வாடையும் வலசையும்: ‘வாடைக்காற்று’ நாவலின் பறவைகள் பற்றி ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாவலிற் பிரதேச வாழ்வின் சித்திரிப்பைப் பற்றி எழுதுவோர் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) நாவலைக் குறிப்பிடத் தவறுவதில்லை. வீரகேசரி பிரசுரமாக வெளிவந்து, 1978இல் திரைப்படமாகவும் ஆக்கப்பெற்ற இந்நாவல் நெடுந்தீவைக் களமாகக் கொண்டது. அதன் மண்வாசனையும் பேச்சுவழக்கும் ஏற்கெனவே ஓரளவு பேசப்பட்டுள்ளன. நாம் இங்கு எடுத்துக்கொள்வது சிறியதொரு விடயம்: அந்நாவலின் வானத்திலே தோன்றும் பறவைகள். எனினும் நாவலாசிரியரின் உலகநோக்கு தன்னை வெளிக்காட்டிக்கொள்ளும் இடங்களுள் அதுவும் ஒன்று என்பதே எமது கருத்தாகும்.

முதலிற் களத்தைப் பற்றிச் சில சொற்கள். குன்றேறி நின்று வானத்தை நோக்குவதற்குத் தீவகத்திற் குன்று எதுவுமில்லை. மண்டைதீவும் வேலணையும் ஊர்காவற்றுறையும் நயினாதீவும் நெடுந்தீவும் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் சுண்ணக்கற் பரப்புகளே. பறவை பார்க்க விரும்புவோன் பண்ணைத் தாம்போதியிலே நின்றாற் போதும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடை எழும்போது பரவைக் கடலிலே உள்ளான் வகைகளும் ஊசிவால் வாத்துகளும் வந்து இறங்கும். பூநாரைக் கூட்டங்களையும் காணலாம். மத்திய ஆசியாவினூடாக இந்தியாவைக் கடந்து வரும் பறவைப் பாதையின் தென்னெல்லை இலங்கையே. பங்குனி, சித்திரையளவில் அவற்றுட் பல மீண்டும் வடக்கே சென்றுவிடும்.

இப்பருவ ஒழுங்கே நாவலின் அமைப்பைத் தீர்மானிக்கின்றது. வாடைக் காலத்திற் பிறவூர் மீனவர் நெடுந்தீவுக் கரைக்கு வருகின்றனர்; வாடியமைத்துத் தங்கித் தொழில் செய்கின்றனர்; காற்றுப் பெயர்ந்ததும் திரும்புகின்றனர். அதே பருவத்திற் கூழைக்கடாக்களும் வருகின்றன. இவ்விரு வருகைகளையும் அருகருகே வைத்தமை, புவியியல் கற்ற ஓர் எழுத்தாளரின் கண்ணுக்கு இயல்பாகவே தென்பட்ட ஒற்றுமை எனலாம். காற்று, நீரோட்டம், கரையின் அமைப்பு ஆகியன அலங்காரங்களாக அன்றிக் கதையின் இயக்குவிசைகளாக வருதல் ஈழத்து நாவலுக்குக் கிடைத்த பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. (கூழைக்கடா தொலைதேசத்து விருந்தாளியன்று, இலங்கையிலேயே கூடுகட்டி, நீர்நிலைகளின் நிலைமைக்கேற்ப இடம்மாறுவது. ஆதலால் நாவலாசிரியர் அறிந்தோ அறியாமலோ மிகப் பொருத்தமான பறவையையே தெரிந்துள்ளார். அவருடைய மீனவரும் கடல்கடந்து வந்த அந்நியரல்லர்.)

ஆனால் இவ்வொற்றுமையே நாவலின் வலுக்குறைவுக்கும் காரணமாகின்றது. பறவை காற்றுக்கு இசைந்து வருகின்றது. மீனவனும் காற்றுக்கு இசைந்தே வருகிறான் என்று கொண்டால், அவனை வரச்செய்த ஏனைய காரணங்கள் கண்ணிலிருந்து மறைந்துபோகின்றன. வள்ளம் எவருடையது, வலை எவருடையது, பிடிபட்ட மீனிற் பங்கு எவ்வாறு பிரிக்கப்படுகின்றது, பருவம் பொய்த்தால் முற்பணம் எவன் தலையிற் கடனாக நிற்கின்றது என்பனவெல்லாம் சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் இடையேயுள்ள உறவு பற்றிய வினாக்கள். தேனீயின் கூட்டையும் கட்டடக் கலைஞனின் வேலையையும் ஒப்பிட்டு, மனித உழைப்பின் தனித்தன்மையை ‘மூலதனம்’ முதற்பாகத்தில் (1867) மார்க்ஸ் விளக்கியமை பலரும் அறிந்ததே. பறவையின் வலசைக்கும் மனிதனின் இடப்பெயர்வுக்கும் இடையிலும் அத்தகைய வேறுபாடு உண்டு. ‘வாடைக்காற்று’ இவ்வேறுபாட்டைத் தொட்டுச் செல்கின்றது. ஆயின் அதனுள்ளே நீடித்து நிற்பதில்லை. வந்தோருக்கும் ஊராருக்கும் இடையே எழும் முரண்பாடு பெரிதும் காதலாகவும் மானப் பிரச்சினையாகவும் உருமாறுகின்றது. இயற்பண்பு நெறிக்கும் யதார்த்த நெறிக்கும் உள்ள இடைவெளியை எமது விமர்சன மரபு வற்புறுத்தி வந்தமைக்கு இதுவே நியாயம்.

இவ்விடத்து, மிகப் பழைய ஒரு பறவை நோக்கரை நினைவுகூர்தல் பொருந்தும். சத்திமுற்றப் புலவர் மதுரையிலே வாடையில் நடுங்கி நின்று செங்கால் நாரையை விளித்த பாடலைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் மனனம் செய்தோம். நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமையாக்கியமை தீவக வாசகனுக்கு இன்றும் தனி உவகை தருவது. ஆனால் அப்பாடலின் உண்மையான வலிமை வேறிடத்தில் உள்ளது. தெற்கே நீராடி வடக்கே திரும்பும் நாரைக்குத் துணையுண்டு, வழியுண்டு, மீளும் உரிமையுண்டு. அதனைப் பார்த்து நிற்பவனுக்கோ மேலாடைகூட இல்லை. தூர ஊரிலே நனைந்த சுவருள்ள வீட்டில் மனைவி காத்திருக்கின்றாள். புலவர் தம்மைப் பறவையாகக் காணவில்லை. தாம் பறவையல்லர் என்பதனைக் கண்டார். வறுமையே அவரைக் கட்டிப்போட்டிருக்கின்றது என்பது ஒவ்வொரு விவரத்தாலும் தெளிவாகின்றது. அலகையும் காலையும் இத்துணை நுணுக்கமாக நோக்கிய கண், தன் நிலையையும் அதே நுணுக்கத்துடன் நோக்கியது.

(நெடுந்தீவிலே ஒல்லாந்தர் காலத்ததெனக் கருதப்படும் புறாக்கூடு இன்றும் நிற்கின்றது. ஆட்சியாளரின் தூதுப்பறவைக்குக் கல்லாற் கட்டிய மாடம் கிடைத்தது. புலவரின் தூதுப்பறவை ஊர்க் குளத்திலேதான் தங்க வேண்டியிருந்தது.)

‘வாடைக்காற்று’ வெளிவந்து இருபது ஆண்டுகளுக்குள் தீவகத்தின் நிலை முற்றாக மாறியது. 1990இலும் அதனையடுத்தும் பல ஊர்கள் ஆளற்றுப் போயின. புங்குடுதீவிற் பிறந்த சு. வில்வரத்தினத்தின் (1950–2006) ‘காற்றுவழிக் கிராமம்’ (1995) இச்சூழலிற் பிறந்த தொகுதி. செங்கை ஆழியானின் காற்று மனிதரைக் கொண்டுவந்து சேர்த்தது. வில்வரத்தினத்தின் காற்று மனிதரில்லாத ஊரிலே உலவுகின்றது. அவருடைய ஆன்மிகச் சார்புடன் எமக்கு உடன்பாடில்லை. எனினும் வெறுமையை வெறுமையாகவே பார்க்கும் நேர்மை அக்கவிதைகளுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஒரு விடயத்தில் அவர் நாவலாசிரியரிலும் மேம்படுகின்றார்: ஊரை வெறுமையாக்கியது பருவமன்று என்பதை அவர் ஒருபோதும் மறப்பதில்லை.

பின்வந்தோர் சிலர் மறந்தனர். புலம்பெயர்ந்தோரை ‘வலசைப் பறவைகள்’ என்று கூறுதல் கடந்த சில தசாப்தங்களிற் பழக்கமாகிவிட்டது. கவிதைகளிலும் மலர் வாழ்த்துரைகளிலும் இது தாராளமாக வருகின்றது. 1974இலும் 1976இலும் பாக்குநீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் கடல் எல்லை வரையப்பட்டதைக் குறித்து, பறவைக்கு எல்லையில்லை என்று பாடுவோரும் உளர். கேட்பதற்கு இனிமையே. ஆனால் எல்லை கடந்து வரும் இழுவைப்படகுகளால் வலையிழந்த நெடுந்தீவு மீனவனுக்கு அவ்வினிமை பயன்படாது. லண்டனிலும் டொரன்ரோவிலும் கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்தவனுக்கும் பயன்பட்டதில்லை. வலசைப் பறவைக்கு மீள்வு இயல்பு. ஏதிலிக்கு மீள்வு ஓர் அரசியற் கோரிக்கை.

இச்சொல்லின் வரலாறு இங்கு மனங்கொளத்தக்கது. ‘வலசை’ என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தரும் பொருள் பறவையைப் பற்றியதன்று. பகையரசர் முதலியோருக்கு அஞ்சிக் குடிமக்கள் வேற்றூருக்கு ஓடுதலையே அது சுட்டுகின்றது. அதாவது, சொல் முதலில் மனிதருடையது. பறவையியல் நூல்கள் அதனை மக்களிடமிருந்து பறவைக்குக் கடன் வாங்கின. நாம் இப்போது அதனைப் பறவையிடமிருந்து உவமையாகத் திரும்பப் பெறுகின்றோம். இக்கொடுக்கல் வாங்கலுக்கிடையிலே அரசனும் படையும் அச்சமும் உதிர்ந்துபோய், காற்றும் பருவமும் மட்டுமே எஞ்சியுள்ளன.

இப்பழைய பொருளைக் கையிற்கொண்டு ‘வாடைக்காற்’றை மீண்டும் வாசிப்போமாயின், வாடியில் வந்திறங்கும் தொழிலாளி எவருக்கு அஞ்சி, எந்தக் கடனைத் தீர்க்க வந்தான் என்ற வினா எழுகின்றது. நாவல் கூழைக்கடாவைப் பார்த்துக்கொண்டு அதனைக் கடந்து செல்கின்றது. விடை சம்மாட்டியின் கணக்குக் கொப்பியிலே இருந்திருக்கும்.