சிலுவையும் வாளும்

கீவ் நகரக் குன்றின்மீது, நீப்பர் ஆற்றை நோக்கி, சிலுவை தாங்கி நிற்கிறது விளாதிமிர் மன்னனின் சிலை, 1853இல் நாட்டப்பட்டது. மாஸ்கோவில், கிரெம்ளின் அருகே, 2016இல் எழுந்தது இன்னொன்று, உயரம் 17.5 மீட்டர். இங்கோ ஒரு கையில் சிலுவை, மறு கையில் வாள்!

எது உண்மை பேசும் சிலை? வாளேந்திய சிலையே என்போம்.

988இல், தானே முன்பு நாட்டிய பெருன் தெய்வத்தைக் குதிரை வாலில் கட்டி இழுத்து, தடிகொண்டு அடித்து, ஆற்றில் தள்ளச் செய்தான் மன்னன். மக்கள் அழுதனர். திருமுழுக்குக்கு வராதவன் என் பகைவன் என்றான். மகிழ்ந்தே வந்தனராம் மக்கள். துறவிகளின் ஏடு கூறுகிறது! அச்சத்துக்கு மகிழ்ச்சி என்றா பெயர்?

பெருனுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. மக்களே சிந்தித்துக் கைவிட்டிருந்தால் வாழ்த்தியிருப்போம். தெய்வம் மாறிற்று, மண்டியிட்ட முழங்கால் மாறவில்லை. ஆணையிட்டவனுக்கு வானளாவிய சிலை, அழுதவனுக்கு எங்கே?