விடுபட்ட கண்ணிகளைக் கோத்தவர்
திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் குறித்துவைக்கும் தேவாலயப் பதிவேட்டின் பழுப்பேறிய தாள் விரல்நுனியில் மெல்லச் சலசலக்க, மங்கிய மையை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கும் பொறுமையில்தான் வமிசாவளி எனப்படும் குடிவழி உருப்பெறுகிறது. ஆனால், 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தையொட்டி வாழ்ந்து, பின்னர் கடல்கடந்துபோன ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு அத்தாள்கள் எளிதில் கைக்கெட்டுவதில்லை.

சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா (1930–2019), ‘தி இந்து’ நாளிதழில் எழுதிவந்த ‘மெட்ராஸ் மிசலனி’ பத்தியில், இப்படி முன்னோரைத் தேடுவோரின் கடிதங்களுக்கும் இடம் தந்து, தாம் அறிந்ததைச் சொல்லி, அறியாததை வாசகரிடமே கேட்டு, விடுபட்ட கண்ணிகளைப் பொறுமையாகக் கோத்துவந்தார். தெரிந்ததைப் பூட்டிவைக்காமல் பகிர்வதும், தெரியாததைக் கூசாமல் கேட்பதும் வரலாற்றாசிரியரின் கைத்திறனைச் சேர்ந்தவையே.