புள்ளியில் தடுக்கும் கீடி

கேப்ஸ் லாக் விசைக்கு இவ்வளவு நல்ல இடத்தை யார் ஒதுக்கினார்களோ தெரியவில்லை. இடது சுண்டுவிரலை ஒட்டி, அகலமாக, நாள் முழுக்கச் சும்மா கிடக்கிறது. தமிழில் தட்டச்சுபவருக்கு அது இன்னும் தண்டம். நமக்கேது பெரிய எழுத்து? அதற்கொரு வேலை கொடுக்கத்தான், விசைகளின் வேலையை மாற்றியமைக்கும் கீடியை என் லினக்ஸ் மடிக்கணினியில் நிறுவினேன். பிடித்தால் கண்ட்ரோல், தட்டினால் எஸ்கேப். அமைப்புக் கோப்பில் ஒரே வரி. பல வாரங்களாகியும் அந்த வரியில் கை வைக்கத் தேவை வரவில்லை.

சி மொழியில் எழுதப்பட்ட சின்னப் பின்னணிச் சேவை இது; எம்ஐடி உரிமம். மற்ற விவரங்களைக் கையேடு சொல்லும். இது உட்கார்ந்திருக்கும் இடம்தான் விஷயம். எக்ஸ்மாட்மேப், எக்ஸ்டூடூல் போன்ற பழைய கருவிகள் எக்ஸ் 11 சாளர அமைப்பை நம்பிப் பிழைத்தவை. அதற்கு மாற்றாக வேலண்ட் வந்ததும், ஒரு செயலி இன்னொன்றின் விசைகளை ஒட்டுக்கேட்கவும் கூடாது, பொய்யாக அழுத்தவும் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. பாதுகாப்புக்கு நல்லதுதான். வருடக்கணக்கில் சேர்த்துவைத்த ஸ்கிரிப்டுகளுக்கு அதுவே சாவுமணி. கீடி இந்தத் தகராறுக்கே போவதில்லை. கெர்னல் பக்கம் இறங்கி, இவ்டெவ் வழியாக விசைப்பலகையைத் தன் பிடியில் எடுத்துக்கொண்டு, யூஇன்புட் மூலம் ஒரு மெய்நிகர் விசைப்பலகையாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. நோம், கேடிஈ, வெறும் கறுப்பு முனையம், எதுவானாலும் ஒன்றுதான். லாகின் திரையிலேயே என் கேப்ஸ் லாக் கண்ட்ரோலாகிவிடுகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை வெறும் பாராட்டுரை. ஆனால் விசைப்பலகைப் பிரியர்கள் நிறுத்துவதில்லையே. விரல்கள் ஓய்வெடுக்கும் நடுவரிசை எழுத்துகளையே கண்ட்ரோலாகவும் ஆல்ட்டாகவும் ஆக்குவது இப்போது ஒரு மோகம்: தட்டினால் எழுத்து, பிடித்தால் கட்டளை. கீடியில் இதற்கு ஓவர்லோட் என்று பெயர். ஆங்கிலத்தில் கொஞ்ச நாளில் கை பழகிவிடும். தமிழ்99 விசைப்பலகைத் தளவமைப்பில்?

தமிழ்99இல் எஃப் விசைதான் புள்ளி. ‘மரம்’, ‘வீடுகள்’ என்று சொல்லுக்குச் சொல் கடைசியில் புள்ளி வரும், உடனே இடைவெளிப் பட்டை. எஃப்பிலிருந்து விரல் எழுவதற்குள் கட்டைவிரல் பட்டையைத் தட்டிவிடும். எஃப்பைக் கண்ட்ரோலாகவும் ஆக்கியிருந்தால், கீடியின் கணக்கில் அது கண்ட்ரோலும் ஸ்பேஸும். தமிழ் உள்ளீட்டுக்கு நான் வைத்திருக்கும் எஃப்சிட்எக்ஸ் 5இல் மொழி மாற்றும் இயல்நிலைக் குறுக்குவழியும் அதுவேதான். புள்ளி விழாது, தமிழ் அணைந்துவிடும், அடுத்த சொல் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும். பிரவுசரில் ‘வாழ்த்து’ அடிக்கும்போது ழகரத்தின் புள்ளியோடு தகரம் ஒட்டிக்கொண்டால் கண்ட்ரோல்-எல்: பக்கத்தில் ‘வாழ’ நிற்கும், ‘து’ முகவரிப் பட்டையில் போய் உட்காரும்.

இதற்கு வேறு சில கருவிகள் ஒரு வைத்தியம் வைத்திருக்கின்றன. அடுத்த விசை எதிர்க்கையில் இருந்தால் மட்டுமே கட்டளை, அதே கையில் இருந்தால் எழுத்து என்பது அந்த விதி. நம்மிடம் அது செல்லாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99, உயிரையும் புள்ளியையும் இடக்கைக்கும் பெரும்பாலான மெய்களை வலக்கைக்கும் பிரித்துக் கொடுத்தது. கைகள் மாறி மாறி இயங்குவதுதான் அதன் வேகத்துக்கே காரணம். ஆக, எழுத்துக்கு எழுத்து எதிர்க்கைதான்! வைத்தியத்தை வகுத்தவர்கள் மனதில் இப்படியொரு தளவமைப்பு இருந்திருக்காது.

கீடியிலேயே பொருத்தமான விடை உண்டு. லெட்டர்மாட் என்ற கட்டளை, சற்று முன்தான் வேறு விசை தட்டப்பட்டிருந்தால் யோசிக்காமல் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். கையேட்டின் உதாரணத்தில் அந்தச் ‘சற்று முன்’ 150 மில்லிநொடி. புள்ளி தனியாகப் பிறப்பதில்லை, அதற்கு முன் ஓர் எழுத்து வந்தே தீரும். ஆகவே இந்த விதி நம் மொழிக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. ஆனால் நிதானமாகத் தட்டச்சுபவருக்கு 150 போதாது. ஏற்றினாலோ வேறு தொல்லை: எழுதிய கையோடு எஃப்பைப் பிடித்து எஸ் தட்டிக் கோப்பைச் சேமிக்கப் போனால், கோப்பு சேமிக்கப்படாமல் ஒரு புள்ளியும் இகரமும் வந்து விழும்.

மேக்ரோக்களில் வேறொரு குருட்டுத்தனம். கீடி அனுப்புவது விசை எண்களை மட்டுமே. மேலே தமிழ் ஓடுகிறதா ஆங்கிலமா என்று அதற்குத் தெரியாது. மின்னஞ்சல் முகவரியை ஒரு விசையில் கட்டிவைத்தால், தமிழ் நிலையில் அது பொருளற்ற தமிழாகக் கொட்டும். முனையக் கட்டளைகளுக்கு மேக்ரோ அருமை. வாக்கியங்களுக்கு எஃப்சிட்எக்ஸின் குயிக்ஃப்ரேஸ் வசதியே மேல்.

என் தீர்ப்பு: கேப்ஸ் லாக்குக்காகவே கீடியை நிறுவலாம். வலது ஆல்ட்டைப் பிடித்தால் அம்புக்குறி விசைகள் கிடைக்கும்படி ஓர் அடுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்99காரர்கள் நடுவரிசையை, குறிப்பாக எஃப்பை, விட்டுவிடுவது நல்லது. அமைப்புக் கோப்பைத் திருத்தி விசைப்பலகை மொத்தமும் குளறிப்போனால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், கீடி நின்றுவிடும்.