கைத்தொலைபேசி அலையும் தும்பறை வீடுகளும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவில் திகனையைக் கடந்து வருவோர் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் பரந்த நீர்ப்பரப்பைக் காண்பர். 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட அந்த அணைக்கட்டின் நீர் தும்பறைப் பள்ளத்தாக்கிலுள்ள தெல்தெனியவின் பழைய கடைவீதியைத் தன்னுள் அடக்கிக்கொண்டபோது ஊர் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தது. பெயர்ந்த ஊருக்குத் தெருவும் மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் அமைத்துக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை என்பதில் அன்று எவருக்கும் ஐயமிருக்கவில்லை. இம்மூன்றோடும் வைத்து எண்ணத்தக்க நான்காவது தேவையாக இன்று இணையம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் நகரத்துக்கு அப்பால், சரிவுகளில் சிதறிக் கிடக்கும் பல வீடுகளுக்கு அதனைக் கம்பி கொண்டுவரவில்லை. ஜன்னலோரத்தில் வைத்த ஒரு சிறு ரௌட்டர், தன்னுள் செருகிய சிம் அட்டையின் துணையால், எங்கோ ஒரு மேட்டில் நிற்கும் கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வாங்கித் தருகிறது. இவ்வழக்கம் நல்லதா அன்றா என்ற வினாவைக் காட்டிலும், எதனை எதுவென்று எண்ணி நாம் பணம் கொடுக்கிறோம் என்ற வினாவே ஆராய்ச்சிக்குரியது என்பது என் அபிப்பிராயம்.

கம்பம் நடாமல் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கும் எண்ணம் இலங்கைக்குப் புதிதன்று. 1996-ஆம் ஆண்டில் சன்டெல், லங்கா பெல் என்னும் இரு கம்பனிகள் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசியைத் தொடங்கின. அதற்கு அடுத்த பத்தாண்டில் சிடிஎம்ஏ என்னும் கம்பியில்லாத் தொலைபேசி மலைக்கிராமங்களிலும் புகுந்து, கம்பித் தொலைபேசிக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் ஏக்கத்தைத் தீர்த்தது. 2013-ஐ ஒட்டி 4ஜி வணிகத்துக்கு வந்தபின், அந்தச் சிடிஎம்ஏ கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அலுமாரியின் மேல் பயனற்ற பொருள்களாயின. செப்புக்கம்பியோ கண்ணாடியிழையோ நிலத்தில் இறங்கிவிட்டால் அது ஊரின் சொத்தைப் போல நிலைத்துவிடுகிறது. அலையோ கம்பனிக்கு இலாபமுள்ள காலம் வரையில்தான் நம்முடையது. இந்த உண்மையைச் சிடிஎம்ஏயின் கதை ஒருமுறை உணர்த்திவிட்டது. 4ஜியை வாங்கும்போது அதை நினைவில் வைத்திருந்தவர் சிலரே.

ஆயினும் இதன் அனுகூலங்களைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. ரங்கல, ஹுன்னஸ்கிரிய முதலிய பகுதிகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஓர் ஓடையோ தேயிலைச் சரிவோ கிடப்பது சாதாரணம். அத்தகைய இடத்தில் பத்து வீட்டுக்காக இரண்டு மைல் தூரம் இழையை இழுத்து, அதனைத் தாங்கக் கம்பம் நட்டு, மண் சரியும்போதெல்லாம் பழுதுபார்க்கும் செலவை எந்தக் கம்பனியும் மனமுவந்து ஏற்காது. கோபுரமோ ஒருமுறை எழுந்துவிட்டால், தன் பார்வைக்கு எட்டிய வீடுகளுக்கெல்லாம் ஒரே நாளில் சேவை தரவல்லது.

தோட்டத்து மக்களுக்கு இதனால் விளையும் நன்மை இன்னும் ஆழமானது. லயன் அறையில் தலைமுறைகளாக வாழ்ந்தும் அந்த நிலத்துக்கு உறுதியில்லாத, தபாற்காரன் தேடி வரத்தக்க தனி முகவரிகூட இல்லாத ஒரு குடும்பம், கம்பி இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை அத்தாட்சிகளைக் காட்ட வேண்டும், எவரெவருடைய அனுமதியைக் கேட்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், அடையாள அட்டையைக் காட்டிய மாத்திரத்தில் கடைத்தெருவில் கிடைக்கும் சிம் எத்துணைச் சுதந்திரத்தைத் தருகிறது என்பது விளங்கும். சம்பளம் வந்த வாரத்தில் ரீலோட் செய்து, வராத வாரத்தில் சும்மா இருக்கலாம். பிழைப்புத் தேடிக் கொழும்புக்குப் போகும் மகன் ரௌட்டர் பெட்டியைக் கையோடு எடுத்தும் செல்லலாம். மாதச் சந்தா என்னும் ஏற்பாடு மாதச் சம்பளக்காரனை மனத்திற்கொண்டு அமைந்தது; நாட்கூலி பெறுவோனுக்கு அது பொருந்துவதில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இம்முறையின் அருமையும் குறையும் ஒருசேரப் பிரத்தியட்சமாயின. அலை எட்டிய வீட்டுப் பிள்ளைகள் எப்படியோ பாடத்தைத் தொடர்ந்தனர். எட்டாத வீட்டுப் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறினர். ஊவா மலைகளில் உள்ள போஹிட்டியாவக் கிராமத்து மாணவரும் ஆசிரியரும் அலை தேடி மலையுச்சிக்கு நடந்த செய்தி 2021-இல் உலகப் பத்திரிகைகள் வரை சென்றது. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, 'கமட்ட சன்னிவேதனய' என்ற திட்டத்தை இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கி, கிராமங்களில் மேலும் கோபுரங்களை எழுப்ப முற்பட்டது அக்காலத்திலேதான். அது பாராட்டத்தக்க செயல். ஆனால் அன்று முதல் கிராமத்து இணையத்தைப் பற்றிய பேச்செல்லாம் 'சிக்னல் உண்டா, இல்லையா' என்ற ஒற்றைக் கேள்வியில் அடங்கிப்போனதும், சிக்னல் உள்ள இடத்தில் பிரச்சினை தீர்ந்தது என்று கொள்ளும் மனப்பான்மை வேரூன்றியதும் வருந்தத்தக்கவை.

சிக்னல் உண்டு என்பதற்கும் இணையம் உண்டு என்பதற்கும் இடையே எத்தனை தூரம் கிடக்கிறது என்பதைத் தும்பறைப் பள்ளத்தாக்கைப் போல விளக்கிக் காட்டும் இடம் அரிது. வானொலி அலைகளுள் நீண்டவை தடைகளைச் சற்றே வளைந்து கடக்கும்; குறுகியவை மிகுதியும் நேர்க்கோட்டில் செல்லும். 900 மெகாஹெர்ட்ஸ் வரிசை மலையின் தோளைச் சுற்றி ஓரளவு வந்துவிடும். வீட்டு 4ஜிக்கு இலங்கையில் பயன்படும் 2300 மெகாஹெர்ட்ஸ் வரிசை, அதிகச் சரக்கைச் சுமக்க வல்லதாயினும், ஒரு குன்றின் மறைவில் விழுந்த வீட்டைக் கண்டுகொள்ளாது. இதனால், நீர்ப்பரப்புக்கு அக்கரையில் வெகுதூரத்தில் நிற்கும் கோபுரத்தின் அலை இடையில் தடையேதும் இன்றி வந்து ஒரு வீட்டைச் செழிப்பாக்க, கோபுரத்துக்கு மிக அண்மையிலுள்ள மற்றொரு வீடு ஒரு மண்மேட்டின் நிழலில் அகப்பட்டு வறண்டு கிடக்கும் விசித்திரம் இங்கே நேரக்கூடியது. லயன் அறைகளின் தகரக் கூரை வேறொரு தடை. உலோகத் தகடு அலையைத் திருப்பியனுப்பிவிடும் ஆதலால், பெட்டியை அறையின் நடுவில் வைப்பவர் பாதி சேவையை இழக்கிறார். கூரைமேல் ஏரியல் பொருத்தினால் இக்குறை பெரிதும் நீங்கும் என்பதைப் பெட்டியை விற்பவர்கள் வாங்குவோருக்கு எடுத்துச் சொன்னால் எத்துணையோ நலமாயிருக்கும்.

பெட்டியில் எரியும் நான்கு கோடுகளும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அவை அலையின் பலத்தைக் காட்டுகின்றனவேயன்றி, அதில் எத்தனை பேர் பங்கு கேட்கிறார்கள் என்பதைக் காட்டுவதில்லை. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி வரிசை, இரண்டு ஏரியல்களைக் கொண்ட சாதாரண அமைப்பில், மிகச் சிறந்த நிலையில் தரக்கூடிய உச்சவேகம் நொடிக்கு 150 மெகாபிட். அது ஒரு வீட்டுக்கானதன்று. கோபுரத்தின் ஒரு முகம் பார்க்கும் பிரதேசத்திலுள்ள வீடுகளும், தெருவில் போவோர் கையிலுள்ள தொலைபேசிகளும், பேருந்து நிலையத்தில் காத்திருப்போரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய மொத்தம். இரவு எட்டு மணிக்கு நாற்பது வீடுகளில் நொடிக்கு 5 மெகாபிட் வேண்டும் காணொளியைத் திறந்தால் தேவை 200 மெகாபிட்டாகிறது. கோபுரமோ உச்சநிலையில்கூட அதைத் தர இயலாது. அன்றியும், தூரத்து வீட்டுக்கு அதே அளவு தரவை அனுப்பக் கோபுரம் அதிக நேரம் செலவிட வேண்டியிருப்பதால், எல்லைப்புறத்துச் சந்தாதாரர் ஒருவர் தாமும் மெதுவாகப் பெற்று, அண்மையில் உள்ளவருடைய பங்கையும் குறைத்துவிடுகிறார். ஊர்ப் பொதுக்குழாயில் காலையில் எல்லோரும் குடத்தோடு நின்றால் தண்ணீர் நூலாய் ஒழுகுவதைப் போன்றதே இது. வித்தியாசம் என்னவெனில், குழாயில் வரிசை கண்ணுக்குத் தெரியும்.

கண்ணாடியிழையும் பகிரப்படுவதுதானே என்று எதிர்வாதம் செய்யலாம். அது சரியே. ஆயினும் வழக்கமான வீட்டு இழை அமைப்பொன்றில் 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்வது நொடிக்கு ஏறக்குறைய 2,500 மெகாபிட். பங்காளிகளின் தொகையும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அலையில் அத்தகைய வரையறை இல்லை. ஒரு கோபுரத்தின்கீழ் எத்தனை வீட்டு ரௌட்டர்களை விற்கலாம் என்பதற்குச் சந்தாதாரர் அறியத்தக்க எல்லை எதுவும் இல்லாதவரை, வீட்டு இணையம் என்ற பெயரில் விற்கப்படுவது கைத்தொலைபேசி வலையமைப்பின் மிச்சமே என்று நான் சொல்வேன். மிச்சத்தை விற்பது குற்றமன்று. தும்பறையின் மேட்டுக் கிராமங்களில் அந்த மிச்சமே பெரும் செல்வம். மிச்சத்தை முழுச் சேவையின் பெயரால் விற்பதுதான் குறை. நள்ளிரவுக்குப் பின் மட்டும் பயன்படும் டேட்டாவைத் தாராளமாகவும் பகல் டேட்டாவைச் சிக்கனமாகவும் பிரித்துக் கொடுக்கும் பொதிகளே இதற்கு ஒப்புதல் வாக்குமூலம். கோபுரம் உறங்கும் நேரத்தில் மிஞ்சுவதையே அவை கொடுக்கின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை விடியற்காலம் இரண்டு மணிக்கு எழுந்து பாடக் காணொளிகளை இறக்கிவைக்கும் நிலையைச் சாமர்த்தியம் என்று மெச்சுவதா, அநீதி என்று நோவதா?

பதிவிறக்கத்தைப் பற்றியே பேசிப் பதிவேற்றத்தை மறப்பதும் வழக்கமாயிற்று. கோபுரம் பத்துக்கணக்கான வாட் வலிமையோடு பேசுகிறது. வீட்டுப் பெட்டி பதில் சொல்லும் வலிமையோ ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே தூரத்து வீட்டில் திரைப்படம் தடையின்றி ஓடும். ஆனால் ஆசிரியருக்குக் குரல் கேட்காது, பயிற்சித்தாளின் படம் போய்ச் சேராது. கல்வியும் வீட்டிலிருந்து செய்யும் தொழிலும் பேசுவோனின் இணையத்தை வேண்டுவன. இந்த முறையோ கேட்போனுக்கே அதிகம் பயன்படுகிறது.

மழை பெய்தால் சிக்னல் போய்விடும் என்று இங்கே எல்லோரும் சொல்வர். ஆனால் இந்த அலைவரிசைகளை மழைத்துளி பெரிதாகத் தடுப்பதில்லை. நனைந்த இலைக்கூட்டம் ஓரளவு உறிஞ்சும்; ஒரு கோபுரத்தை மற்றொன்றோடு இணைக்கும் மைக்ரோவேவ் தொடர் கனமழையில் தளரும்; எல்லாவற்றுக்கும் மேலாக மின்சாரம் போகும். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் 13 மணிநேர மின்வெட்டு அமுலானபோது, விக்டோரியாவின் 210 மெகாவாட் நீர்மின் நிலையத்தைத் தன் அயலில் வைத்திருக்கும் தெல்தெனியவும் இருளிற் கிடந்தது. வீட்டில் மினி யூபிஎஸ் வாங்கி ரௌட்டரை உயிரோடு வைத்திருந்தவர்கள்கூட, கோபுரத்தின் பாற்றரி தீர்ந்ததும் ஒன்றும் செய்ய இயலாதவராயினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்தபோது இக்குறை உயிர்ப்பிரச்சினையாயிற்று. மின்சாரமும் இழைத்தொடர்களும் அறுந்து மலைநாட்டில் பல கோபுரங்கள் மௌனமானபோது, வீட்டு இணையமும் கைத்தொலைபேசியும் ஒரே கோபுரத்தை நம்பிய குடும்பங்களுக்கு இரண்டும் ஒருங்கே போயின. இரு வழிகள் இருக்கின்றன என்று அவர்கள் எண்ணியிருந்தது ஒரே வழிதான்.

தொடர்பை அறுப்பது இயற்கை மட்டுமன்று. 2018 மார்ச்சில் தெல்தெனியவிலும் திகனையிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட நாள்களில், அரசாங்கம் சமூக ஊடகங்களை நாடெங்கும் முடக்கியதோடு கண்டி மாவட்டத்து இணையத்தையும் கட்டுப்படுத்தியது. ஆணை பிறந்தால் கம்பியும் அடங்கும் என்பதால் இதனை அலையின் தனிக் குற்றமாகக் கொள்ள நான் விரும்பவில்லை; வதந்தி அதே வழியாகத்தான் பரவியது என்பதும் மறுக்கவியலாதது. எனினும், பக்கத்து ஊரிலுள்ள உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கத் துடித்த வீடுகளை இந்தப் பேச்சில் மறந்துவிடலாகாது.

விலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 செப்டெம்பரில் கட்டணங்கள் நூற்றுக்கு 20 வீதம் உயர்ந்தன. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. அளவுக்கு விலை கொடுக்கும் ஏழை இந்த ஏற்றங்களை ஒவ்வொரு ரீலோடிலும் உணர்கிறான்.

மாற்று என்ன? 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம், மலையின் நிழலைப் பொருட்படுத்தாது வானிலிருந்து இறங்குகிறது. ஆனால் அதன் தட்டை வாங்கும் கிரயம் சுற்றுலா விடுதிக்குத் தகுமேயன்றி லயன் அறைக்குத் தகாது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இழையைக் கொண்டுசெல்ல டான்ஃபிநெட் என்னும் அரசு நிறுவனத்தை அமைத்திருக்கிறார்கள். அந்த முயற்சியின் தாமதங்கள் எவ்வாறாயினும், ஊரின் நடுவரை இழையும் அதன்பின் வேறு வழியும் என்ற நோக்கு சரியானது. தெல்தெனியவுக்கும் அதுவே பொருந்தும். ஆதார வைத்தியசாலை, பிரதேச செயலகம், பாடசாலைகள், கோபுரங்கள் ஆகியவற்றுக்கு இரு திசைகளிலிருந்து இழை வரவேண்டும். ஒன்று மண்ணில் புதைந்தாலும் மற்றொன்று நிற்கும். நெருங்கிய குடியிருப்புகளை இழைக்கு மாற்றினால், கோபுரத்தின் சுமை குறைந்து, இழை ஒருபோதும் எட்டாத மேட்டு வீடுகளுக்கு அலை உள்ளபடியே பயன்படும். நெருக்கமான ஊரில் அலையை நிரந்தரமாக்குவது, தூரத்து ஊரின் பங்கைத் திருடுவதாகவே முடியும்.

ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கோபுரங்களின் தொகையை அறிவிப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு கோபுரத்தின்கீழும் மாலை வேளையில் கிடைக்கும் வேகத்தையும், அதில் விற்கப்பட்ட வீட்டு இணைப்புகளின் தொகையையும் மும்மொழிகளில் வெளியிடச் செய்ய வேண்டும். நிரம்பிய கோபுரத்தில் புதிய வீட்டு இணைப்பு விற்பதைத் தடுக்கவும் வேண்டும். அது நடக்கும்வரை, ரௌட்டர் வாங்க எண்ணும் வாசகர், அயலவரிடம் அதே கம்பனியின் சிம் ஒன்றை இரவல் பெற்று, இரவு எட்டு மணிக்குத் தம் வீட்டு ஜன்னலில் வைத்து, பெறும் வேகத்தோடு அனுப்பும் வேகத்தையும் அளந்து பார்த்தபின் கையெழுத்திடுவாராக.